சினை மீன் கரைக்கு வரும் காலம்

ஏரிக்கரை ஆய்வு நிலையம்,
வட பின்லாந்து.
29 மே 2013

அன்புள்ள கோசலை அக்காவுக்கு,

நுளம்புக் கடியைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உங்கள் முழங்கால் நோ எப்படி இருக்கிறது? அத்தானின் சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா?

போன் எடுக்கவில்லை என்று கோபிக்க வேண்டாம். ஏரிக்கரையில் சிக்னல் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் என்ன, உங்கள் போன் கடையில் ஸ்பீக்கரில் கிடக்கும். பாதியை அத்தான் பேசுவார், மீதியை மீன் வாங்க வந்தவர்கள் பேசுவார்கள். கடிதம் என்றால் நான் நினைத்ததை நானே முழுக்கச் சொல்லி முடிக்கலாம்.

"மீனைப் படிக்கப் பின்லாந்துக்குப் போக வேணுமோ, எங்கடை கடையிலை நிண்டால் காணாதோ" என்று விமான நிலையத்தில் கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். நான் படிப்பது நீங்கள் வெட்டுகிற மீனை அல்ல அக்கா, பிறந்து சில கிழமைகளே ஆன குஞ்சுகளை. இங்கே 'சீகா' என்று வெள்ளி நிறத்தில் ஒரு ஏரி மீன் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் கரையோரக் கற்களில் முட்டை போடும். மாரி முழுக்க அந்த முட்டைகள் ஐஸுக்குக் கீழே கிடக்கும். ஐஸ் உடைகிற கிழமையில் பொரிக்கும். இந்த வருடம் போன கிழமைதான் உடைந்தது.

குஞ்சு உங்கள் சின்னவிரல் நகத்தின் நீளம்கூட இல்லை. உடம்பு கண்ணாடி மாதிரி, இரண்டு கறுத்தக் கண்கள் மட்டும்தான் தெரியும். வயிற்றின் கீழே ஒரு சின்ன மஞ்சள் பை இருக்கும், அதுதான் கட்டுச்சோறு. பை முடிவதற்குள் பொடி நீர்ப்பூச்சிகளைப் பிடித்துத் தின்னப் பழக வேண்டும். பழகாவிட்டால் மெலிந்து போகும். ஒரு கட்டத்துக்கு மேல் மெலிந்துவிட்டால் வாய்க்கு முன்னால் சாப்பாடு வந்தாலும் பிடிக்கச் சக்தி இருக்காது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்ல வேலை இல்லை. செத்ததை எல்லாம் ஃபோர்மலின் போத்தலில் போட்டுப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து வயிற்றைத் திறக்கிறேன். நேற்று இந்தக் குஞ்சுகளைத் தின்கிற வேறொரு சின்ன மீனின் குடலைத் திறந்தேன், முழுக்கக் கண்கள். குஞ்சுகள் கரைந்து போய்க் கண்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. மத்தியானம் சாப்பிடவில்லை.

ஆயிரத்தில் ஒன்றுதான் தப்பும். எது தப்புகிறது, ஏன் தப்புகிறது என்பதுதான் என் ஆய்வு. மூன்று வசந்தம் தொடர்ந்து இந்த ஏரியில் குஞ்சு பிடித்து அளக்க வேண்டும். என்னைப் பாரிஸிலிருந்து கூட்டி வந்த ஜிஸ்லேன் அம்மையார்தான் இங்கே பொறுப்பு. கைராசியான பெண் என்று என்னைச் சொல்கிறார். குஞ்சு இல்லாத வருடம் வந்தால் எனக்குப் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை.

உடம்பைக் கவனியுங்கள். பதில் போடுங்கள்.

உங்கள் தங்கை,
சாம்பவி


ரூ பிலிப்-து-ஜிரார்,
பாரிஸ்.
23 யூன் 2013

அன்புத் தங்கைக்கு,

உயிரோடு இருக்கிறோம். முழங்கால் அதன் பாட்டுக்கு நோகிறது, நான் என் பாட்டுக்கு நிற்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைப் பார்த்ததற்கெல்லாம் பட்டினி கிடக்காதே.

அருவருப்பைப் பற்றி நீ எனக்குச் சொல்லித் தருகிறாயா? நேற்று வேலை முடிந்து பியர்ஃபித் வீட்டுக்குப் போக RER ரயில் எடுத்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் எழும்பி மற்றப் பக்கம் போய் நின்றாள். அவளில் பிழையில்லை, முடிந்தால் நானும் என்னை விட்டு எழும்பிப் போயிருப்பேன். எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது, சவர்க்காரம் போட்டாலும் போகாது, தலைமயிருக்குள் செதில் கிடக்கிறது. இந்தக் கையால்தான் சோறு பிசைந்து தின்கிறேன்.

உன் கடிதத்தை வழமை போல வெட்டுப் பலகைக்குப் பக்கத்தில் நின்று சத்தமாக வாசித்தேன். அத்தானுக்கு ஈரக் கை, கடிதம் பிடிக்க மாட்டார் என்று உனக்குத் தெரியும்தானே. காய்ந்த கை என்றாலும் வாசிக்கிற பொறுமை அந்த மனுசனுக்கு இல்லை. சிசிலியா அக்கா மீன் வாங்க வந்து நின்றவ, மூக்கைச் சுளித்து, "குளத்து மீனோ, சேத்து மணமெல்லோ அடிக்கும், அதைப் படிக்கவோ இவ்வளவு தூரம் போனவள்" என்றா. காசு குடுக்கிற வாய், மீனைச் சுற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

முட்டை என்று வந்த இடத்தில் அத்தானின் கத்தி நின்றது. "இஞ்சேரும், அந்த மீனுக்குச் சினை எப்ப வைக்குமாம்? கேட்டு எழுதும்" என்றார். எங்கள் லா சப்பல் கடைத்தெருவில் இப்போது சினைப் பைத்தியம் பிடித்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் "சினை இருக்கோ, சினை இருக்கோ" என்று ஒவ்வொரு மீனின் வயிற்றையும் விரலால் அமத்திப் பார்க்கிறார்கள். அமத்தின இடத்தால் தண்ணி வடிகிறது. துடைக்கிறது நான்தான். சினை மீன் வந்தால் பெட்டி திறக்க முன்னமே முடிந்துவிடும். அத்தான் உன் படிப்பில் அக்கறையாய் ஒன்று கேட்டிருக்கிறார், விபரமாக எழுது. இல்லையென்றால் மனுசன் என்னைத்தான் தின்னும்.

குளிருக்குக் காது மூடு.

உன் அக்கா,
கோசலை


ஏரிக்கரை ஆய்வு நிலையம்.
18 ஓகஸ்ட் 2013

அன்புள்ள அக்கா, அத்தான் இருவருக்கும்,

இரண்டு பேரும் சுகம்தானே. நான் கொஞ்சம் மெலிந்துவிட்டேன், ஆனால் வருத்தம் இல்லை. இந்த முறை குஞ்சுகள் நன்றாகத் தப்பியிருக்கின்றன. ஐஸ் உடைந்த நேரமும் நீர்ப்பூச்சி பெருகிய நேரமும் ஒத்து வந்துவிட்டன. ஜிஸ்லேன் அம்மையாரின் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

அத்தான் என் படிப்பைப் பற்றிக் கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. நான் படிக்கத் தொடங்கி ஆறு வருடத்தில் முதல் தடவை. ஆகவே விபரமாகவே எழுதுகிறேன், வாசித்துக் காட்டுங்கள்.

சினை ஒக்டோபரில் முற்றும். ஒக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை தாய் மீன்கள் கரைக்கு வரும். ஏரி முழுக்கத் தேடத் தேவையில்லை. எங்கள் நிலையத்துக்கு வடக்கே, நோர்வேயிலிருந்து வரும் பெருந்தெருவை ஒட்டினாற்போல ஒரு குடா இருக்கிறது. கரையில் சிவப்பு நிறப் படகுக் கொட்டில். அந்தக் குடாவின் கல்லுத்தரைக்குத்தான் எல்லாம் வரும். இருட்டின பிறகு முழங்கால் தண்ணியில் நின்றால் காலில் முட்டிக்கொண்டு போகும். வயிறு அப்படி ஊதியிருக்கும், கையில் தூக்கினாலே முட்டை சிந்தும். நாங்கள் மெதுவாகப் பிடித்து, முதுகுச் செட்டைக்குக் கீழே நம்பர் போட்ட ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் நூலைக் குத்தித் திரும்ப விடுவோம்.

செப்டெம்பரிலிருந்து மாரி முடியும்வரை அந்தக் குடாவில் வலை போட யாருக்கும் அனுமதி இல்லை. காவல் என்றும் யாரும் இல்லை, ஒரு பலகை மட்டும் நட்டிருக்கிறார்கள். ஊர்ச் சனம் தானாகவே அதை மதிக்கிறது. நம்ப மாட்டீர்கள், ஒரு வலை விழுவதில்லை.

பிள்ளையார் தேருக்குப் போனால் எனக்காகவும் ஒரு தேங்காய் உடையுங்கள்.

அன்புடன்,
சாம்பவி


பாரிஸ்.
17 செப்டெம்பர் 2013

அன்புள்ள சாம்பவி,

எல்லோரும் சுகம், உன் சுகமே எங்களுக்குப் பெரிது.

தேருக்குக் கடை பூட்டினோம், உன் பெயரில் தேங்காய் உடைத்தேன். தெரு முழுக்க இளநீர் ஓடிச் செருப்பெல்லாம் பிசுபிசுத்தது. அத்தான் வெறும் மேலோடு சந்தனம் பூசிக்கொண்டு காவடிக்கு வழி விட்டார். அந்த மூன்று மணித்தியாலம் மட்டும் அவர் நல்லாய் மணந்தார்.

உன் கடிதத்தை அத்தான் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். இராஜதுரை அண்ணையும் நின்றவர். உனக்குத் தெரியாது, நோர்வேயின் வடக்கில் மீன் பக்டரியில் இருந்து, பிறகு குளிர் லொறி ஓட்டுகிறவர், இங்கே பாரிஸுக்கு வெளியே ரன்ஜிஸ் சந்தைக்குச் சால்மன் கொண்டு வருவார். அவருடைய லொறி உன் ஏரியைத் தாண்டித்தான் வருகிறதாம். "பிள்ளையை ஒருக்கா எட்டிப் பாக்கலாம்" என்றார்.

கடையில் ஆட்கள் நிற்கிறார்கள். பிறகு எழுதுகிறேன்.

கோசலை


ஏரிக்கரை ஆய்வு நிலையம்.
26 நவம்பர் 2013

அன்புள்ள அக்காவுக்கு,

ஏரி மூடிவிட்டது. பகல் என்று ஒன்று பேருக்கு வந்து போகிறது. நான் நலம், நீங்களும் அப்படித்தான் என்று நம்புகிறேன்.

இந்த முறை எங்கள் வேலை சரிவரவில்லை. ஒக்டோபர் நடுவில் முதல் சில நாள் தாய் மீன்கள் நன்றாக வந்தன, நிறைய மஞ்சள் நூல் குத்தினேன். பிறகு நாங்கள் தென்கரை வேலைக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தால் குடா வெறுமையாகக் கிடந்தது. நூல் குத்திய மீனில் ஒன்றுகூடத் திரும்ப எங்கள் கையில் அகப்படவில்லை. முட்டை போட்டுவிட்டு நேரத்தோடு போய்விட்டன என்று ஜிஸ்லேன் நினைக்கிறார். நானும் அப்படி நினைக்கத்தான் முயற்சி செய்கிறேன்.

இராஜதுரை அண்ணை எட்டிப் பார்க்கவே இல்லையே. ஊர்ச் சாப்பாடு ஏதும் கொண்டு வருவார் என்று ஆசையோடு இருந்தேன். அவருக்கும் என் சுகத்தைச் சொல்லுங்கள்.

சாம்பவி


ஏரிக்கரை ஆய்வு நிலையம்.
15 சனவரி 2014

அன்புள்ள அக்கா,

பொங்கல் வாழ்த்துகள். நவம்பரில் எழுதினேன், பதில் இல்லை. நத்தாருக்கு வாழ்த்து அட்டை போட்டேன், அதற்கும் இல்லை. ஊருக்குள் போனபோது கடைக்குப் போன் எடுத்தேன். "உன்ரை அக்கா கை அலுவலாய் நிக்கிறா, எல்லாம் நல்ல சுகம்" என்று அத்தான் சொல்லி வைத்துவிட்டார். ஏதும் வருத்தமா? என்னில் கோபமா? ஒரு வரி எழுதுங்கள்.

சாம்பவி


பியர்ஃபித்.
9 பெப்ரவரி 2014

அன்புத் தங்கைக்கு,

உன்னில் எனக்கு என்ன கோபம். கை முழுக்க வெடிப்பு, பேனை பிடிக்கக் கஷ்டமாக இருந்தது. இப்போது பரவாயில்லை.

மாரியில் வியாபாரம் நல்லாய்ப் போனது. அத்தான் பிள்ளையாருக்கு வெள்ளியில் ஒரு விளக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். சனம் அவரைக் கண்டால் எழும்பி நிற்கிறது. நான் மீன் சாப்பிடுவதை விட்டுவிட்டேன். மரக்கறிக் கறியிலும் அந்த மணம் வருகிறது, அதனால் ரொட்டியும் சம்பலும்தான். பயப்படாதே, வருத்தம் ஒன்றும் இல்லை.

குஞ்சுகள் எப்போது பொரிக்கும்? எழுது. இந்தக் கடிதத்தை வீட்டிலிருந்து எழுதுகிறேன், பதிலையும் வீட்டு விலாசத்துக்கே போடு.

கோசலை


ஏரிக்கரை ஆய்வு நிலையம்.
4 யூன் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சுகம் கேட்கக்கூட இன்று மனம் ஒட்டவில்லை, மன்னியுங்கள்.

குஞ்சு இல்லை. ஐஸ் உடைந்த அன்றே குடாவில் இறங்கினேன். தண்ணிக்குள் வெள்ளைத் தட்டைத் தாழ்த்திப் பிடித்தால் போன வருடம் தட்டின் மேல் கறுத்தக் கண்கள் ஊர்ந்து திரியும். இந்த வருடம் தட்டு தட்டாகவே இருக்கிறது. கொட்டிலிலிருந்து ஆற்று வாய்வரை இடுப்புத் தண்ணியில் நடந்தேன், அகப்பையால் அள்ளி அள்ளிப் பார்த்தேன். நாலைந்து கிடைத்தன. அவையும் மறு கரையிலிருந்து இழுபட்டு வந்திருக்கும். தண்ணியில் நீர்ப்பூச்சி நிறையவே இருக்கிறது. தின்ன ஆள் இல்லை. கல்லைப் புரட்டிப் பார்த்தோம், பொரிக்காத முட்டையும் இல்லை, செத்த முட்டையும் இல்லை. அப்படியென்றால் முட்டை போடவே இல்லை என்றுதான் அர்த்தம்.

ஜிஸ்லேன் அம்மையார் நேற்று என்னை இருத்திப் பேசினார். போன ஒக்டோபரில் நான் மீனைத் தொட்டுத் தொட்டு, நூல் குத்திக் குத்தி, முட்டை போட விடாமல் விரட்டிவிட்டேனாம். கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாய் இருந்திருக்கும். என் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். செப்டெம்பரில் ஒப்பந்தம் முடிகிறது, நீடிக்க மாட்டார். வேலை இல்லையென்றால் இங்கே இருக்கிற அனுமதியும் இல்லை.

எனக்கு என் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை அக்கா. ஒரு ஏரியின் ஒரு வருடப் பிள்ளைகளை நான் அழித்துவிட்டேன் என்று ஊரில் கடைக்காரருக்கும் தெரிந்திருக்கிறது. பாண் வாங்கப் போனால் முகம் கொடுக்கிறார்கள் இல்லை.

சாம்பவி


பியர்ஃபித்.
15 யூன் 2014

சாம்பவி,

உன் கையில் பிழையில்லை. இந்த உறைக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு மேலே வாசி.

ஏழு மஞ்சள் நூல் இருக்கிறது. கழுவித்தான் வைத்திருக்கிறேன், என்றாலும் மணக்கும்.

போன ஒக்டோபரில் இராஜதுரை அண்ணையின் லொறியில் சால்மன் பெட்டிக்குக் கீழே வேறு பெட்டிகள் வந்தன. நோர்வேக் கடல் மீன் என்றார் அத்தான். நான் நம்பினேன் என்று எழுதினால் அது பொய். நம்புகிற மாதிரி நின்றேன். இரண்டாம் தரம் லொறி வந்தபோது கந்தசஷ்டி. அத்தானுக்கு விரதம், ஆறு நாளும் மீனைத் தொட மாட்டார். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கல்லாவில் இருந்து சில்லறை குடுத்தார். ஆகவே எல்லா மீனையும் நான்தான் வெட்டினேன்.

வயிறுகள் ஊதித் தோல் மினுங்கிக்கொண்டு இருந்தது. கத்தி பட முன்னமே சினை வெளியே வந்தது. பலகையில், ஏப்ரனில், சப்பாத்தில், நிலத்தில் எல்லாம் முட்டை. நடந்தால் காலுக்குக் கீழே நெரிகிற சத்தம் கேட்கும். பின்னேரம் தண்ணி ஊற்றிக் கழுவினேன், தண்ணி போகவில்லை, குழாய் வாயை முட்டை அடைத்திருந்தது. கையை விட்டு அள்ளினேன், அவிந்த சவ்வரிசி மாதிரி கை நிறைய வந்தது. ஒவ்வொன்றும் உன் தட்டில் ஊர வேண்டியது என்று அப்போதே எனக்குத் தெரியும். ஏனென்றால் அதற்கு முன்னமே நான் செட்டைக்குக் கீழே நூலைக் கண்டுவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, இது சாம்பவி எழுதின மஞ்சள் நூலெல்லோ" என்று காட்டினேன். மனுசன் சுற்றுமுற்றும் பார்த்தார். "பிடுங்கி எறியும். குளமெண்டால் என்ன கடலெண்டால் என்ன, தின்னிறவைக்கு வயித்துக்கை போய் எழுதியிருக்குமோ" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "முருகன் தந்தது" என்றார். விரத வாய். கடை வாசல் தாண்டித் தெருவில் சனம் நின்றது. சேத்து மணம் என்று சொன்ன சிசிலியா அக்கா ஆட்களை இடித்துக்கொண்டு முன்னுக்கு வந்து, "எனக்கு ரெண்டு, நல்லாச் சினை உள்ளதாப் பாத்து" என்றா. நான் நிறுத்துக் கொடுத்தேன். பின்னுக்குப் போய்ச் சத்தி எடுத்தேன். வந்து திரும்ப வெட்டினேன்.

அதற்குப் பிறகு உனக்கு எழுதக் கை வரவில்லை. ஏரி பெரிது, மீன் திரும்ப வரும் என்று என்னை நானே ஏய்த்துக்கொண்டேன். நேற்று உன் கடிதம் வந்தது. சாப்பாட்டு மேசையில் அத்தானுக்கு வாசித்தேன், எதற்கென்று தெரியாது, ஒரு சொல்லாவது அந்த மனுசனைத் தைக்கும் என்று நினைத்தேனாக்கும். உன் கை விரட்டியது என்று அந்த அம்மா சொன்ன இடத்தில் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, "அப்ப எங்களிலை பழி இல்லை" என்றார். சந்தோஷமாய்த்தான் சொன்னார். அந்த வாயைப் பார்த்தேன் சாம்பவி, உதட்டில் எண்ணெய். பதினெட்டு வருடம் இந்த மனுசனுக்குச் சோறு போட்டிருக்கிறேன்.

நூலைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடு.

கோசலை


ஏரிக்கரை ஆய்வு நிலையம்.
10 ஓகஸ்ட் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் சொல்கிறேன்.

உங்கள் உறையை நிலையத்துச் சமையலறையில் திறந்தேன். நூல்கள் மேசையில் விழுந்தன. ஏழு நம்பரும் என் கையெழுத்தில் பதிந்த நம்பர்கள். முதலில் அத்தானில் அருவருப்பு வந்தது. பிறகு உங்களில் வந்தது, ஒளிக்கவில்லை. கடைசியில் எனக்கு வந்தது என்னில்தான். இடம் சொன்னேன், காலம் சொன்னேன், கொட்டிலின் நிறமும் சொன்னேன், காவல் இல்லை என்றும் சொன்னேன். ஒருவர் என் படிப்பை மதித்துவிட்டார் என்று வாயெல்லாம் பல்லாக எழுதினேன். கிழமைக் கணக்காக ஒரு கடுதாசியையும் தொட முடியவில்லை.

நூல்களை ஜிஸ்லேனிடம் கொடுத்தேன். பாரிஸில் ஒரு மீன்கடையில் அகப்பட்டது, தபாலில் வந்தது என்றேன். எந்தக் கடை, யார் அனுப்பியது என்று கேட்டார். தெரியாது என்றேன். என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அந்தக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீடித்திருக்கிறார்.

இந்த ஒக்டோபரில் குடாவுக்குக் காவல் போடுகிறார்கள். ஏரி முழுவதற்கும் இரண்டே பேர், ஆகவே எல்லா நாளும் நிற்க மாட்டார்கள். எந்த நாள் என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். போன வருடம் தப்பிய கொஞ்சத் தாய் மீன்தான் மிச்சம். அதுவும் போனால் இந்தக் குடா முடிந்தது, என் ஆய்வும் முடிந்தது.

பெயர் சொல்லாதது உங்களுக்காகத்தான் அக்கா. கடை போனால் நீங்கள் எங்கே போவீர்கள்? இனி வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லிவிடுங்கள். அது போதும்.

முழங்காலுக்கு மருந்து பூசுகிறீர்களா?

சாம்பவி


பாரிஸ்.
21 செப்டெம்பர் 2014

அன்புத் தங்கை சாம்பவிக்கு,

நீயும் உன் ஏரியும் நலமாக இருக்க வேண்டும். முழங்காலுக்குப் பூசுகிறேன்.

இனி வேண்டாம் என்று அத்தானிடம் சொன்னேன். நீ பெயர் சொல்லவில்லை என்பதையும் சில நாள் காவல் நிற்கும் என்பதையும் சொன்னேன், வெட்கமும் பயமும் வரட்டும் என்று. மனுசன் தொடையில் தட்டிச் சிரித்தார். "மச்சாள் எங்களை விட்டுக் குடுக்க மாட்டாள் எண்டு எனக்குத் தெரியும். எங்கடை பிள்ளையெல்லோ" என்றார். அடுத்த நாளே இராஜதுரை அண்ணைக்குப் போன் அடித்து, இந்த முறையும் கொண்டு வரச் சொன்னார். இப்போது கடையில் வருகிறவர்களிடம், ஒக்டோபரில் சினை மீன் வரும், இப்பவே சொல்லி வையுங்கோ என்கிறார். சிசிலியா அக்கா தன் மருமகளுக்கும் சேர்த்துச் சொல்லி வைத்திருக்கிறா. நீ எனக்காகச் சொன்ன பொய்யை இந்த ஆட்கள் சட்டியில் போட்டுப் பொரிக்கப் போகிறார்கள். 

இந்தக் கடிதமும் அவர் எழுதச் சொல்லி எழுதுவதுதான். "இஞ்சேரும், லொறி வாற அண்டைக்குக் காவல் நிக்குமோ எண்டு தங்கச்சியிட்டைக் கேட்டு எழுதும். எடுத்த உடனை கேக்காதையும், வடிவாச் சுகம் விசாரிச்சுப்போட்டு மெதுவாக் கேளும்" என்றார். சுகம் விசாரித்துவிட்டேன்.

கேட்க ஒன்றும் இல்லை, சொல்லத்தான் இருக்கிறது. லொறி ஒக்டோபர் பதினெட்டாம் திகதி, சனிக்கிழமை, நோர்வேயால் வருகிறது. பொழுது படச் சிவப்புக் கொட்டிலடியில் நிறுத்தி வலை போடுவார்கள், விடிய முன்னம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இராஜதுரை அண்ணையும் இன்னொரு ஆளும். வலை சாரதியின் படுக்கைக்குக் கீழே இருக்கும். மீன் எப்போதும் போலச் சால்மனுக்குக் கீழே. லொறியின் இலக்கத்தையும் கடையின் பெயரையும் அத்தானின் முழுப் பெயரையும் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் என் பெயரும் இருக்கிறது. அதை வெட்டாதே. அந்த வயிறுகளைக் கிழித்தது என் கத்தி. போன வருடம் நடந்ததையும் கேட்டால் நான் வந்து சொல்லுவேன். பிரெஞ்சு தட்டுத் தடுமாறும், என்றாலும் மீனும் சினையும் சொல்லத் தெரியும்.

நீ சொன்ன பொய்யை நீயே போய் அந்த அம்மாவிடம் சொல்லு. அவ உன்னை வைத்திருந்தாலும் சரி, அனுப்பினாலும் சரி. எனக்காக என்று இனி ஒன்றையும் மறைக்காதே, எனக்கு அது வேண்டாம். எங்கே போவேன் என்று கேட்டாய். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மெனாஜ் வேலைக்குக் கேட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் மேசை துடைப்பது, நிலம் கழுவுவது. போய்ப் பார்த்தேன், சவர்க்கார மணம் அடித்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தேன்.

அத்தான் கல்லாவில் இருந்து, "கேட்டு எழுதியாச்சோ" என்கிறார். ஓம், எழுதியாச்சு என்றேன். உன்னை மிகவும் சுகம் விசாரித்ததாக எழுதட்டாம்.

அன்புடன்,
உன் அக்கா
கோசலை